திரையும் கையும்: குழந்தைகளின் அறிவியல் கல்வியில் மெய்நிகர் கருவிகளின் இடம்

1. ஆய்வுச் சிக்கல்

மின்சுற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கரும்பலகையில் படம் வரைந்து விளக்கலாம். டார்ச் செல், பல்பு, வயர் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து விளக்கை எரியவைக்கச் சொல்லலாம். கணினித் திரையில் அதே சுற்றை அமைக்கச் செய்யலாம். முதல் வழி மட்டும் போதாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் இடையில்தான் வழக்கு. தொட்டுச் செய்யாத அறிவியல் மனத்தில் நிற்காது என்கிறது ஒரு தரப்பு. செலவு, ஆபத்து, நேரம் மூன்றையும் மிச்சப்படுத்தும் திரை இருக்கும்போது ஆய்வகத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்கிறது மறு தரப்பு.

இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிடுகின்றன. அறிவியலின் எல்லாப் பகுதிகளும் புலன்களுக்கு ஒரே அளவில் எட்டுவதில்லை. விதை முளைப்பதைப் பிள்ளை பார்க்கலாம், எலக்ட்ரான் நகர்வதைப் பார்க்க முடியாது. நிழலை அளக்கலாம், ஓராண்டு நிழல்களை ஒரு பாடவேளைக்குள் அளக்க முடியாது. ஆகவே திரையா கையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கருத்துக்கு எது, எந்த வரிசையில் என்று கேட்க வேண்டும்.

இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுவே: மெய்நிகர் கருவி புலனுக்கு எட்டாததைக் காட்டும்போதும், பிள்ளை முன்கூட்டியே ஒரு கணிப்பைச் சொன்ன பிறகு அதைத் தொடும்போதும், கண்டதை மெய்ப்பொருளில் சரிபார்க்கும்போதும் கல்விக் கருவியாகிறது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் காட்சிப் பொருள். தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகளையே இக்கட்டுரை முதன்மையாகக் கருதுகிறது.

2. கருவிகளின் வகைமை

டிஜிட்டல் கருவி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இயல்புள்ளவை அடைபட்டுக் கிடக்கின்றன. கற்பித்தல் நோக்கில் அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

2.1 சிமுலேஷன்

விதிகளைக் கணினிக்குள் வைத்து, மாறிகளைப் பிள்ளை தன் விருப்பப்படி மாற்றிப் பார்க்க விடும் மெய்நிகர் சோதனை இது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டம் இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது. இந்தியாவில் அமிர்தா விஸ்வ வித்யாபீடமும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்காக உருவாக்கிய ‘ஓலேப்ஸ்’ இதே வகை.

2.2 கோளரங்கச் செயலி

இயற்கையில் உள்ளதையே காலத்தைச் சுருக்கியும் இடத்தை மாற்றியும் காட்டுவது. கட்டற்ற மென்பொருளான ‘ஸ்டெல்லேரியம்’ நல்ல எடுத்துக்காட்டு.

2.3 அளவைக் கருவி

இது மெய்யுலகை விட்டு விலகுவதில்லை. கைபேசியில் உள்ள ஒலிவாங்கி, முடுக்கமானி போன்ற உணரிகளையோ கணினியோடு இணைக்கும் உணரிகளையோ கொண்டு உண்மையான நிகழ்வை அளக்கிறது. ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ செயலியும், டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்தில் உருவான ‘எக்ஸ்பைஸ்’ கருவியும் இவ்வகை.

காணொளிப் பாடம் இந்த மூன்றிலும் சேராது. அதில் பிள்ளைக்கு மாற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. அது நல்ல விரிவுரையாக இருக்கலாம், சோதனையாக முடியாது.

3. முதல் சான்று: மின்சுற்று

3.1 பிள்ளைகளின் முன்கருத்துகள்

பிள்ளைகள் மின்சாரத்தைப் பற்றி வெற்று மனத்தோடு வகுப்புக்கு வருவதில்லை. நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்பர்னும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் நடத்திய ஆய்வுகள் அவர்கள் மனத்தில் இருக்கும் மாதிரிகளை வகைப்படுத்தின. ஒரே வயர் போதும், செல்லிலிருந்து மின்சாரம் பல்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஒன்று. செல்லின் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் புறப்பட்டு பல்பில் மோதிக்கொள்வதால் ஒளி வருகிறது என்பது மற்றொன்று. பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட, மிச்சம்தான் செல்லுக்குத் திரும்புகிறது என்பது மூன்றாவது.

ஒரு செல், ஒரு பல்பு, இரண்டு வயர் கொண்ட கைச்சோதனை முதல் கருத்தை உடனே உடைத்துவிடும். ஒரே வயரில் பல்பு எரியாது. ஆனால் மற்ற இரண்டையும் அது தொடுவதே இல்லை. மின்னோட்டம் மோதினாலும், தேய்ந்தாலும், மாறாமல் சுற்றிவந்தாலும் பிள்ளை காண்பது எரியும் பல்பு ஒன்றுதான். இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கடையில் ஒன்றாக வாங்கிய இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் அவை பெரும்பாலும் ஒரே பிரகாசத்தில் எரிவதில்லை, தயாரிப்பிலேயே சிறு வேறுபாடு இருக்கும். “முதல் பல்பு கரண்டைத் தின்னுடுச்சு சார்” என்று பிள்ளை சொல்லும்போது, மெய்ப்பொருளே அதன் தவறான கருத்துக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

3.2 திரையில் நடப்பது

ஃபெட் திட்டத்தின் நேர்மின்சுற்றுச் சிமுலேஷனில் பிள்ளை மின்கலம், பல்பு, வயர், சாவி ஆகியவற்றை இழுத்து வந்து தானே சுற்று அமைக்கிறது. மின்கலம் 9 வோல்ட், பல்பின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்பை இணைத்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். பல்புக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் அதே 0.9. வயர் முழுக்க எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஒரே வேகத்தில் நகர்கின்றன. பல்பைத் தாண்டிய பிறகு அவை குறையவுமில்லை, தளரவுமில்லை.

இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒருசேர மெதுவாகின்றன. அம்மீட்டர் 0.45க்கு இறங்குகிறது. அதே இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் போட்டால் ஒவ்வொன்றிலும் 0.9 ஆம்பியர் ஓட, மின்கலத்திலிருந்து 1.8 ஆம்பியர் வருகிறது. தேயும் மின்னோட்டம் என்ற கருத்துக்கு இங்கே ஒதுங்க இடமே கிடைப்பதில்லை. மெய்ப்பொருளால் உடைக்க முடியாத முன்கருத்தைத் திரை உடைக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாததை அது கண்ணுக்குத் தெரியும்படி செய்ததே காரணம்.

3.3 ஆய்வு முடிவு

நோவா ஃபிங்கல்ஸ்டீனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இயற்பியல் அறிமுகப் பாடம் படித்த பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு குழு உண்மையான கருவிகளில் மின்சுற்றுச் சோதனை செய்தது, மற்றொரு குழு சிமுலேஷனில் மட்டும் செய்தது. பிறகு இரு குழுவுக்கும் உண்மையான சுற்று ஒன்றை அமைத்து விளக்கும்படி பணி தரப்பட்டது. கருத்துப் புரிதலில் மட்டுமன்றி, மெய்யான வயர்களைக் கொண்டு சுற்று அமைப்பதிலும் சிமுலேஷன் குழுவே மேலாக இருந்தது. வயரின் நிறம் போன்ற தேவையற்ற விவரங்களில் கவனம் சிதறாததும் இதற்கு உதவியது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இம்முடிவை அப்படியே ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. அந்த மாணவர்கள் வளர்ந்தவர்கள், பொருள்களைக் கையாண்டு பழகியவர்கள். சிறுபிள்ளைகளின் நிலையைத் தனியே ஆராய வேண்டும்.

4. வயதும் தொடுகையும்

அமெரிக்காவில் லாரா டிரையோனாவும் டேவிட் கிளாரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுருள்வில்லையும் எடைகளையும் கொண்டு சோதனையை ஒழுங்காக வடிவமைக்கக் கற்பித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பாடம். மெய்யான பொருள்களில் கற்றவர்களும் திரையில் கற்றவர்களும் ஒரே அளவுக்குக் கற்றார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பினர் எலிப்பொறி விசையால் ஓடும் பொம்மை வண்டியை வடிவமைத்த 2007ஆம் ஆண்டு ஆய்விலும் நிலைமை அதுவே.

மழலையர் வகுப்பில் மட்டும் ஒரு வேறுபாடு தெரிகிறது. சைப்ரஸ் நாட்டின் ஸகரியாஸ் ஸகரியாவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, துலாக்கோல் பற்றிக் கற்ற மழலையரை ஆராய்ந்தது. துலாக்கோல் எப்படி இயங்கும் என்பதை முன்பே சரியாக அறிந்திருந்த பிள்ளைகளுக்குத் திரையும் போதுமானதாக இருந்தது. தவறான முன்கருத்து இருந்த பிள்ளைகளுக்கோ கையால் தூக்கிப் பார்த்த அனுபவம் தேவைப்பட்டது.

இதன் உட்பொருள் முக்கியமானது. எடை என்பதைக் கண் மட்டும் அறிந்துகொள்வதில்லை, தோளும் மணிக்கட்டும் சேர்ந்தே அறிகின்றன. ஒரு கிலோ அரிசிப் பையையும் ஐந்து கிலோ பையையும் தூக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் திரையில் தாழும் தட்டு அர்த்தமாகும். அந்த உடலறிவு ஏற்கெனவே இருந்தால் திரை அதன்மேல் கட்டலாம். இல்லாவிட்டால் முதலில் கையில்தான் தொடங்க வேண்டும். வயதைவிட முன்னனுபவமே அளவுகோல் என்பதே இந்த ஆய்வுகளிலிருந்து நாம் பெறும் பாடம்.

5. இரண்டாம் சான்று: நண்பகல் நிழல்

நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் என்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள், பெரியவர்களிலும் பலர் நம்புகிறார்கள். ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ள சென்னையில் சூரியன் சரியாக உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டே முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும்.

ஒரு மீட்டர் குச்சியைப் பள்ளி மைதானத்தில் செங்குத்தாக நட்டு, சூரியன் அன்றைய உச்ச உயரத்தை எட்டும் நேரத்தில் நிழலை அளந்தால் கணக்கு தெளிவாகும். டிசம்பர் 22 அளவில் சூரியன் தெற்கில் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும், நிழல் 74 செ.மீ. நீளத்தில் வடக்கு நோக்கி விழும். ஏப்ரல் 24 அளவில் நிழல் குச்சியின் அடிக்குள் ஒடுங்கிவிடும். ஜூன் 21 அளவில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போயிருக்கும், நிழல் 18 செ.மீ. நீளத்தில் தெற்கு நோக்கி விழும். நண்பகல் நிழல் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறு பகுதியில் தெற்கேயும் விழுவதைக் காண்பது வெப்பமண்டலத்துப் பிள்ளைகளுக்கே உரிய வாய்ப்பு. லண்டனிலோ நியூயார்க்கிலோ வளரும் பிள்ளை இதைத் தன் ஊரில் ஒருநாளும் காண முடியாது.

ஆனால் இதை முழுதாகக் காண ஓராண்டு ஆகும், அதற்குள் கோடை விடுமுறையும் மழை மேகமும் குறுக்கிடும். இங்கேதான் ஸ்டெல்லேரியம் துணைக்கு வருகிறது. ஊரைச் சென்னை என்று வைத்து, நேரத்தை நண்பகலில் நிறுத்தி, நாளை மட்டும் நகர்த்தினால் சூரியன் தெற்கிலிருந்து உச்சிக்கு ஏறி, அதைத் தாண்டி வடக்கே சென்று திரும்புவதை நிமிடங்களில் காணலாம். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த வளைய சூரிய கிரகணத்தை, அப்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளையும் இன்று மீட்டுப் பார்க்கலாம்.

இந்த வேலையில் வரிசை தவறக் கூடாது. மைதானத்தில் குறைந்தது மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஒரு நாள் நிழலையாவது அளந்து குறித்த பிறகே செயலியைத் திறக்க வேண்டும். அப்போது திரையில் நகரும் வட்டத்தைப் பிள்ளை தன் குச்சியின் சூரியனாகவே பார்க்கும். செயலி சொல்லும் உயரத்திலிருந்து நிழலின் நீளத்தைக் கணித்து, தன் நோட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் செயலியையே அது சோதித்துவிடுகிறது. கருவியை நம்புவதற்கு முன் கருவியைச் சோதிக்கும் இந்தப் பழக்கத்தைவிடப் பெரிய அறிவியல் பாடம் பள்ளியில் வேறில்லை.

6. மூன்றாம் சான்று: கைபேசியால் ஒலியின் வேகம் அளத்தல்

ஒலியின் வேகத்தைப் பிள்ளைகள் எண்ணாக மனப்பாடம் செய்கிறார்கள். ஃபைஃபாக்ஸ் செயலியில் உள்ள ஒலிக் கடிகாரம், ஓர் ஓசை கேட்டதும் ஓடத் தொடங்கி அடுத்த ஓசையில் நின்றுவிடும். இரண்டு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும். முதல் பிள்ளை கைதட்டினால் அருகிலுள்ள கடிகாரம் உடனே தொடங்கும், தொலைவில் உள்ளது ஒலி வந்து சேர்ந்த பிறகு தொடங்கும். அடுத்து இரண்டாவது பிள்ளை தட்டும்போது நிலைமை தலைகீழாகும். இரு கடிகாரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்த நேரம்.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும் என்பதால், வேறுபாடு சுமார் 0.029 விநாடியாக இருக்க வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு முறையும் விடை சற்று மாறும். வெளியே வண்டி ஹாரன் அடித்தால் கடிகாரம் ஏமாந்து நின்றுவிடும். இந்தத் தொல்லைகளே இச்சோதனையின் சிறப்பு. பலமுறை அளந்து சராசரி எடுப்பது ஏன், இடைவெளியைக் கூட்டினால் பிழை குறைவது ஏன் என்ற கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்புவார்கள். மனிதப் புலனால் பிரித்தறிய முடியாத நேரத்தைக் கருவி அளக்கிறது, நிகழ்வோ முழுக்க மெய்யானது. திரையும் கையும் பிரிக்க முடியாதபடி இணையும் இடம் இது.

7. மெய்நிகர் கருவியின் வரம்புகள்

7.1 எளிமையாக்கம்: மின்சுற்றுச் சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் கண்ணால் தொடரக்கூடிய வேகத்தில் நகர்கின்றன. உண்மையில் 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவை விநாடிக்குச் சுமார் 0.07 மி.மீ. நகர்கின்றன, ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். சாவியைப் போட்டவுடன் பல்பு எரிவது, கம்பி முழுவதும் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒருசேர நகரத் தொடங்குவதால்தான். எதைப் பெரிதாக்கினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லாமல் சிமுலேஷனைக் காட்டினால், ஒரு தவறான கருத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை நட்டவர்கள் ஆவோம்.

7.2 பிழையின்மை: திரையில் செல் தீர்வதில்லை, வயரின் முனை துருப்பிடிப்பதில்லை. அளவைப் பிழையைச் சந்திக்காத பிள்ளை, அறிவியல் எண்கள் தாமே துல்லியமாக வந்து விழுபவை என்று எண்ணிவிடும்.

7.3 வியப்பின் எல்லை: எழுதிவைத்த விதிக்கு வெளியே சிமுலேஷனால் எதையும் செய்ய முடியாது. ஈரப் பஞ்சில் வைத்த பத்துப் பச்சைப்பயறில் இரண்டு ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வியை இயற்கைதான் கேட்கும். விதை முளைத்தல், பூவின் பாகம் பிரித்தல், மண்ணின் வகை அறிதல் போன்றவற்றைத் திரைக்குக் கொண்டுபோவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கையருகில் இருப்பதைப் பிள்ளையிடமிருந்து பறிக்கும் எதுவும் வசதி ஆகாது.

7.4 கருவி தானே கற்பிக்காது: பெரு நாட்டில் ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணினிகளின் எண்ணிக்கை பலமடங்கு உயர்ந்தும் கணிதத்திலோ மொழியிலோ தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்று கண்டது. பாடத்தோடும் ஆசிரியரோடும் இணையாத கருவிக்கு இதுவே கதி.

8. தமிழ்நாட்டு வகுப்பறையில்

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு அமைந்திருக்கிறது. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. பல பாடங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துள்ளன. ஃபெட் சிமுலேஷன்கள் பலவற்றைத் தமிழிலும் இயக்கலாம், தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

குறை, கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது. இணையச் செயல்பாடுகள் பெரும்பாலும் படி 1, படி 2 என்று எதைச் சொடுக்க வேண்டும் என்பதையே சொல்கின்றன. பிள்ளை சொன்னபடி சொடுக்குகிறது, படம் அசைகிறது, பாடம் முடிகிறது. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992இல் வெளிவந்த தங்கள் நூலில் விளக்கிய ‘கணி, காண், விளக்கு’ முறை இதற்கு நல்ல மாற்று. மின்சுற்றுப் பாடத்தை அம்முறையில் இப்படி அமைக்கலாம்.

முதலில் குழுவுக்கு ஒரு செல், ஒரு பல்பு, இரண்டு வயர் கொடுத்து எரியவைக்கச் சொல்ல வேண்டும். பிறகு, இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் முதல் பல்பு என்னவாகும் என்பதைக் காரணத்தோடு ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதிய பின் அழிக்கக் கூடாது. அதன் பிறகே திரை. ஒரு கணினிக்கு மூன்று பேர் அமர்ந்தால் கணிப்புகள் மோதும், பேச்சு பிறக்கும். ஒரே புரொஜெக்டர் இருந்தாலும் குறையில்லை, கை தூக்கச் சொல்லிக் கணிப்புகளைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் இயக்கலாம். இறுதியாக மீண்டும் மெய்யான பல்புகளுக்கு வந்து, திரையில் இரண்டும் ஒரே அளவில் எரிந்தன, கையில் உள்ளவை ஏன் அப்படி எரியவில்லை என்று கேட்க வேண்டும். பல்புகளை இடம் மாற்றிப் போட்டால் மங்கலான பல்பு எங்கே போனாலும் மங்கலாகவே எரியும். வேறுபாடு பல்பில்தான் இருக்கிறது, மின்னோட்டம் தேயவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

9. நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து நெறிகளைத் தொகுக்கலாம்.

ஒன்று, கையால் செய்யக்கூடியதும் ஆபத்தில்லாததுமான சோதனையைத் திரைக்கு மாற்றக் கூடாது.
இரண்டு, மிகச் சிறியது, மிகப் பெரியது, மிக வேகமானது, மிக மெதுவானது, ஆபத்தானது ஆகியவற்றுக்கே மெய்நிகர் கருவியை முதலில் நாட வேண்டும்.
மூன்று, கணிப்பை எழுதாமல் எந்தப் பிள்ளையும் கருவியைத் தொடக் கூடாது.
நான்கு, கருவி காட்டும் மாதிரியில் எது மெய், எது வசதிக்காக மாற்றப்பட்டது என்பதைப் பாடத்தின் பகுதியாகவே சொல்ல வேண்டும்.
ஐந்து, திரையில் கண்ட ஒரு முடிவையாவது மெய்ப்பொருளில் அளந்து ஒப்பிட வேண்டும்.

10. முடிவுரை

டான் டி யாங், மார்சியா லின், ஸகரியாஸ் ஸகரியா மூவரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மெய் ஆய்வகமும் மெய்நிகர் ஆய்வகமும் தனித்தனிப் பலன்கள் கொண்டவை, இரண்டையும் தக்கபடி இணைப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தது. இக்கட்டுரையின் மூன்று சான்றுகளும் அதை வலுப்படுத்துகின்றன. இணைப்பை நிகழ்த்துவது எந்தக் கேள்வி எப்போது கேட்கப்படுகிறது என்பதே என்பதையும் அவை சேர்த்துச் சொல்கின்றன.

இதிலிருந்து கல்வித் துறை செய்ய வேண்டியவை இரண்டு. ஆசிரியர் பயிற்சியில் செயலியை இயக்கக் கற்றுத்தருவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு செயலிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கணிப்பு வினாக்களை உருவாக்கப் பழக்க வேண்டும். கணினிக்கு நிதி ஒதுக்கும் அதே ஆணையில் செல், பல்பு, வயர், உருப்பெருக்கி, அளவுகோல் ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். முன்னது கணினிச் செலவில் ஒரு சிறு பங்கைக்கூடக் கேட்காது, பின்னதும் மலிவானதே. இவ்விரண்டும் இல்லாத பள்ளியில் எத்தனை விலையுயர்ந்த மெய்நிகர் கருவியும் பிள்ளையைப் பார்வையாளராகவே வைத்திருக்கும். இவை இருந்தால், ஒரே ஒரு பழைய கணினி உள்ள கிராமப் பள்ளியும் தன் பிள்ளைகளை ஆய்வாளர்களாக வளர்த்துவிட முடியும்.